ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர்கள் எங்கே, எப்படி உருவாகிறார்கள்?

11 மார்ச் 2025, ஒரு வாசகரின் கேள்வி

போன சனிக்கிழமை லண்டனில் இளையராஜாவின் சிம்ஃபனி அரங்கேறியது. ராயல் ஃபில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது, மிக்கெல் டாம்ஸ் நடத்தினார் என்று படித்தேன். வாசிக்கிற ஒவ்வொருவர் முன்னாலும் நோட்ஸ் இருக்கிறது. எல்லாரும் தேர்ந்த கலைஞர்கள். அப்படியிருக்க முன்னால் நின்று கையசைப்பவர் இல்லையென்றால் என்ன ஆகிவிடும்? இந்த வேலைக்கு எங்கே படிக்கிறார்கள்? யார் வேலை கொடுக்கிறார்கள்?

11 மார்ச், இரவு

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். எங்கள் ஊர் அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் வாசிக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நடத்துநர் இல்லாமலும் வாசிக்கலாம், வாசித்தும் இருக்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு மாஸ்கோவில் 1922ல் பெர்சிம்ஃபான்ஸ் என்ற குழு தொடங்கியது. தலைவர் வேண்டாம், எல்லாரும் சமம் என்பது கொள்கை. வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். 1932 வரை நடந்தது. நியூயார்க்கில் 1972ல் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவும் நடத்துநர் இல்லாமல்தான் வாசிக்கிறது.

ஆனால் இதற்கு நேரம் ஏகப்பட்டது வேண்டும். வேகம் என்ன, யார் அடங்கி வாசிப்பது, எங்கே மூச்சு விடுவது, எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டும். சின்னக் குழுவுக்குச் சரி. நூறு பேர் உட்கார்ந்து, மேடைக்கு வெளியேயும் சிலர் நின்று வாசிக்கிற மாலரின் சிம்ஃபனி ஒன்றை விரல்விட்டு எண்ணக்கூடிய ஒத்திகைகளில் அப்படிக் கட்டி நிறுத்த முடியாது. நடத்துநரின் வேலையில் பெரும்பகுதி ஒத்திகையிலேயே முடிந்துவிடுகிறது. கச்சேரியில் நீங்கள் பார்ப்பது அதன் மிச்சம்.

எங்கே படிக்கிறார்கள் என்பது இதைவிடச் சுவாரசியமான கேள்வி. பியானோ மாணவன் வீட்டில் பியானோ வைத்துப் பழகலாம். நடத்துநராக விரும்புகிற மாணவன் ஆர்க்கெஸ்ட்ராவை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இந்தத் தொழிலின் படிப்பு, வேலை, அநியாயம் எல்லாம் இந்த ஒரு சிக்கலிலிருந்தே வருகின்றன என்பது என் கட்சி. நாளை தொடர்கிறேன்.

12 மார்ச்

"தாளம் போடுவதற்கா கல்லூரி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பேத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி எப்படித் தொடங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று குறுஞ்சுரம், ஒரு நெடுஞ்சுரம். ஆனால் தாளில் அதற்கு முன்னால் ஒரு மௌனம் எழுதியிருக்கிறது. முதல் தட்டு விழுகிற இடத்தில் யாரும் வாசிக்கக் கூடாது. தட்டு விழுந்த மறுகணம் அத்தனை வில்லும் ஒன்றாக இறங்க வேண்டும். அந்த வேகத்தை யாரும் இன்னும் கேட்கவில்லை. தட்டுக்கு முன்னால் கை மேலே எழும்புகிறதே, அந்த அசைவிலிருந்துதான் வேகம், பலம், குணம் எல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும். பிறகு அந்த நெடுஞ்சுரத்தை நினைத்த அளவு நீட்டி, வெட்டி, அதே சிக்கலை உடனே மறுபடி எழுப்ப வேண்டும். சில நொடிகளுக்குள் இவ்வளவு. தேர்வுகளில் இந்த இடத்தைக் கேட்பது சும்மா இல்லை.

15 மார்ச்

எங்கள் ஊர் இசைக் கல்லூரியில் நடத்துநர் வகுப்பு உண்டு. மாணவர்கள் பழகுவதற்கு ஆர்க்கெஸ்ட்ரா தேவைப்படும்போது சில சமயம் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் மேடையேறுவார்கள், ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம். நாங்கள் அதே பக்கங்களை மறுபடி மறுபடி வாசிப்போம். அலுப்பான வேலை என்று என் வரிசையில் சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த சாயங்காலங்கள் குறைவு.

ஏனென்றால் தாள் மாறவில்லை, நாங்கள் மாறவில்லை, அறை மாறவில்லை. முன்னால் நிற்கிற ஆள் மட்டும் மாறுகிறார், ஒலி மாறிவிடுகிறது.

ஒரு முறை ஷூபர்ட்டின் "முடிவுறாத" சிம்ஃபனி. செலோவும் டபுள் பாஸும் அடிக்குரலில் தொடங்கும், பிறகு வயலின்கள் படபடவென்று மெல்லிசாக நெய்யும், அதன் மேல் ஊதுவாத்தியங்களான ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்து பாட்டை எடுக்கும். முதலில் வந்த மாணவர் அபாரமான படிப்பாளி. எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றாக எழுதிய ஸ்கோர் முழுக்க மனப்பாடம். எங்கள் வயலின் வரிசை ஒட்டவில்லை என்று நிறுத்தினார். "ஒன்றாக வாசியுங்கள்" என்றார். மறுபடி வாசித்தோம், ஒட்டவில்லை. "இன்னும் மெதுவாக" என்றார். மெதுவாக வாசித்தோம். இப்போது ஓபோக்காரருக்கு வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. நடத்துநர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த பெண் அவ்வளவு படித்தவராகத் தெரியவில்லை. கை அசைவும் கொஞ்சம் முரடு. ஆனால் ஓபோவைப் பார்த்து, அவர் மூச்செடுக்கும்போதே தானும் மூச்செடுத்தார். எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: வயலின்கள் டபுள் பாஸின் விரல்மீட்டலைக் கேட்டு அதன் மேல் உட்காருங்கள். அவ்வளவுதான், ஒட்டிவிட்டது. அவர் பல வருடம் ஆர்க்கெஸ்ட்ராக்களில் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) வாசித்தவர் என்று இடைவேளையில் தெரிந்தது.

முதல் மாணவர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் மேடையேறிய நேரமே அத்தனை வருடப் படிப்பில் சொற்பமாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பியானோக்களை வாசிக்கச் சொல்லி அவற்றைப் பார்த்துக் கையசைத்தே பெரும்பாலும் பழகியிருக்கிறார்கள். பியானோக்காரருக்கு மூச்சு தீர்வதில்லை.

16 மார்ச்

ஃபின்லாந்து பற்றிக் கேட்டவருக்கு. ஐம்பத்தைந்து லட்சம் பேர் உள்ள நாடு, உலகமெங்கும் நடத்துநர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. காரணம் தேடினால் ஹெல்சிங்கியில் சிபேலியஸ் அகாடமி, அதில் யோர்மா பானுலா என்ற ஆசிரியர் என்று வந்து நிற்கும். 1930ல் பிறந்தவர். ஹெல்சிங்கி ஃபில்ஹார்மானிக்கை நடத்தியவர். 1973 முதல் 1993 வரை அங்கே பேராசிரியர்.

அவர் வகுப்பில் மாணவர்கள் முன்னால் உண்மையான ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்திருந்தது, அதுவும் வாராவாரம். அகாடமி மாணவர்களே அதில் வாசித்தார்கள். நடத்துநர் மாணவர்களும் தங்கள் வாத்தியத்தோடு அதில் உட்கார வேண்டும்; முறை வரும்போது எழுந்து போய் நடத்தலாம். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, பிறகு உட்கார்ந்து பார்ப்பார்கள். பானுலா அதிகம் பேசுவதில்லை என்று அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். உன் கை என்ன செய்கிறது என்று நீயே பார்த்துக்கொள், வாசிப்பவர்களைத் தொந்தரவு செய்யாதே. இந்த இரண்டும்தான் பாடத்தின் சாரம்.

வந்தவர்களைப் பாருங்கள். எசா-பெக்கா சாலோனென் ஹார்ன் வாசித்தவர். ஒஸ்மோ வான்ஸ்கா ஹெல்சிங்கி ஃபில்ஹார்மானிக்கில் கிளாரினெட் வாசித்தவர். சகாரி ஓராமோ ஃபின்லாந்து வானொலி ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் தலைவர். சூசன்னா மால்கி ஸ்வீடனில் கோத்தன்பர்க் சிம்ஃபனியின் முதன்மைச் செலோக் கலைஞர். பெயர்பெற்ற ஆர்க்கெஸ்ட்ராக்களில் கூலிக்கு வாசித்த கைகள்.

16 மார்ச், பின்னிரவு

"அது குளிர் நாடு, வேறு வேலை இல்லை" என்று எழுதியவருக்கு: ரசித்தேன். ஆனால் வேறு காரணம் கண் முன்னால் இருக்கிறது. அங்கே சின்ன ஊர்களிலும் பொதுப்பணத்தில் இசைப்பள்ளியும் ஆர்க்கெஸ்ட்ராவும் உண்டு. வான்ஸ்கா 1988 முதல் இருபது வருடம் லாஹ்தியில் இருந்தார். நடுத்தர ஊர். அந்த ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துத்தான் ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் இசைத்தட்டுகள் வழியாக உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

20 மார்ச்

எல்லா நடத்துநரும் முதலில் ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியக்காரராக இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். என் முந்தைய குறிப்புகளைப் படித்தால் அப்படித் தோன்றும். அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் இருக்கிற நாட்டின் வழி முற்றிலும் வேறு.

ஜெர்மனியில் ஓபரா வீடுகள் ஏராளம். சின்ன ஊரில்கூட அரசுப் பணத்தில் ஒன்று இருக்கும். நடத்துநராக விரும்புகிறவர் அங்கே முதலில் பியானோக்காரராகச் சேருவார். பாடகர்களுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பது, ஆர்க்கெஸ்ட்ரா இல்லாத ஒத்திகைகளில் முழு ஓபராவையும் பியானோவிலேயே வாசிப்பது, பாடகர் மறந்த வரியைத் தானே பாடுவது எல்லாம் அவர் வேலை. கொஞ்ச காலம் கழித்து, பலமுறை நடந்து பழகிவிட்ட ஓபரா ஒன்றை ஒரு சாயங்காலம் நடத்தச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒத்திகையே இல்லாமல்! தேறினால் கபெல்மைஸ்டர், அதாவது அந்த வீட்டின் நிலையான நடத்துநர் பதவி, பிறகு இன்னும் பெரிய ஊர், கடைசியில் தலைமை.

பிற்காலத்தில் பெர்லின் ஃபில்ஹார்மானிக்கின் தலைமை நடத்துநரான கரயான் 1929ல் இருபது வயதில் உல்ம் நகரத்துக்குப் போனார். சின்ன ஆர்க்கெஸ்ட்ரா, நெருக்கடியான மேடை. 1934 வரை அங்கேதான். பிறகு ஆஹன். பெர்லின் எல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் கிரில் பெட்ரென்கோ. சைபீரியாவின் ஓம்ஸ்க்கில் பிறந்தார், வியன்னாவில் படித்தார், அங்கே ஃபோல்க்ஸ்ஓப்பர் என்ற ஓபரா வீட்டில் உதவியாளராக இருந்தார். 1999ல் மைனிங்கன் என்ற சிற்றூருக்குத் தலைமை நடத்துநராகப் போனார். 2001ல் அங்கே வாக்னரின் "ரிங்" நான்கு ஓபராக்களையும் அடுத்தடுத்த நான்கு இரவுகளில் நடத்தினார். பெரிய ஓபரா வீடுகளே இடையில் ஓய்வுநாள் விட்டு நடத்துகிற வேலை அது. பெர்லின் ஃபில்ஹார்மானிக் கலைஞர்கள் 2015ல் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019ல் பொறுப்பேற்றபோது வயது நாற்பத்தேழு.

அதே மைனிங்கனில்தான் 1885ல் அங்கே தலைமை நடத்துநராக இருந்த ஹான்ஸ் ஃபான் பியூலோவ், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான இருபத்தோரு வயது ரிச்சர்ட் ஸ்ட்ராஸைத் துணை நடத்துநராக வைத்துக்கொண்டார். பிராம்ஸின் நான்காம் சிம்ஃபனி அதே வருடம் அங்கே அரங்கேறியது. சிற்றூர் என்று சொல்கிறோம்!

ஆக ஃபின்லாந்தில் வாத்தியம், ஜெர்மனியில் ஓபரா பியானோ. இரண்டிலும் ஒன்று பொது. முன்னால் நிற்பதற்கு முன்பு மற்றவர் கையின் கீழ் வேலை பார்க்க வேண்டும். கெட்ட நடத்துநரால் வாசிப்பவருக்கு என்ன நேர்கிறது என்பது உடம்பில் பதிய வேண்டும்.

23 மார்ச்

"அமெரிக்க நடத்துநர் பெர்ன்ஸ்டைன் ஒரே நாளில் புகழ்பெற்றார், எல்லாம் அதிர்ஷ்டம்தான்" என்று வந்திருக்கிறது.

14 நவம்பர் 1943. அன்று நடத்த வேண்டிய புரூனோ வால்ட்டர் நோயில் படுத்தார். இருபத்தைந்து வயது பெர்ன்ஸ்டைன் ஒத்திகை இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கை நடத்தினார். நிகழ்ச்சி வானொலியில் நாடெங்கும் போனது. இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் துணை நடத்துநர். அந்தப் பதவியின் பொருளே இதுதான்: ஒவ்வொரு வாரமும் அடுத்தவர் நடத்தப்போகிற முழு நிகழ்ச்சியையும் தானே நடத்துவதுபோலப் படித்து வைத்திருக்க வேண்டும். ஒத்திகையில் அரங்கின் பின்வரிசையில் ஸ்கோரோடு உட்கார்ந்து, ஹார்ன் மூழ்கிவிட்டது, வயலின் அதிகம் என்று குறித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு அந்த வாரம் வருவதே இல்லை. அதற்கு முன்பே அவர் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் ஃபிரிட்ஸ் ரைனரிடமும் டாங்கில்வுட் கோடை இசைப் பள்ளியில் கூசெவிட்ஸ்கியிடமும் படித்திருந்தார்.

சாலோனெனுக்கும் இப்படித்தான். 1983ல் லண்டனில் ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ரா, மாலரின் மூன்றாம் சிம்ஃபனி. வரவேண்டியவர் வர முடியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற இசையை அவர் சில நாளில் படித்துக்கொண்டு வந்தார்.

போட்டிகளும் இதே வாசல்தான். செய்ஜி ஒசாவா ரக்பி ஆடி விரலை உடைத்துக்கொண்டு பியானோவை விட்டவர். டோக்கியோவில் ஹிதேயோ சைத்தோ அவரை நடத்துநராக்கினார். 1959ல் பிரான்ஸின் பெசான்சோன் போட்டியில் வென்றார். அதைப் பார்த்த, பாஸ்டன் சிம்ஃபனியின் அன்றைய தலைமை நடத்துநர் சார்ல்ஸ் மூன்ஷ் டாங்கில்வுட்டுக்கு அழைத்தார். அங்கிருந்து கரயானிடம், பிறகு பெர்ன்ஸ்டைனுக்குத் துணை நடத்துநராக. 1973ல் பாஸ்டன் சிம்ஃபனி, அங்கே 2002 வரை. பரிசுத்தொகை செலவாகிவிடும். தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்தவர் அழைப்பதுதான் பரிசு.

24 மார்ச்

சுபின் மேத்தாவை ஏன் விட்டீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அப்பா மேலி மேத்தா பம்பாயில் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கியவர். வீட்டில் ஆர்க்கெஸ்ட்ரா வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதினேன். கிட்டத்தட்ட வைத்துக்கொண்டு வளர்ந்தவர் இவர். 1954ல் பதினெட்டு வயதில் வியன்னா போய் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்தார், டபுள் பாஸும் கற்றார். ஸ்வரோவ்ஸ்கி வகுப்பு பானுலாவுக்கு நேர் எதிர். முதலில் ஸ்கோரை எலும்பு எலும்பாகப் பிரிக்க வேண்டும், கை அப்புறம்.

எனக்குப் பிடித்தது வேறு. பெரிய நடத்துநர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். மேத்தாவும் உடன் படித்த கிளாவுடியோ அப்பாடோவும் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். பாடிக்கொண்டே கரயானையும் வால்ட்டரையும் முன்னாலிருந்து பார்க்கலாம் அல்லவா. 1958ல் மேத்தா லிவர்பூல் போட்டியில் வென்றார். பிறகு மாண்ட்ரியலிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வர முடியாமல் போன மூத்தவர்களுக்குப் பதிலாக நின்றார், அந்த இரண்டு ஆர்க்கெஸ்ட்ராக்களும் அவரையே எடுத்துக்கொண்டன.

2 ஏப்ரல்

ஒரு தோழி சுருக்கமாக எழுதியிருந்தார்: "உங்கள் பட்டியலில் ஆண்களே நிறைய." ஆமாம். அதற்குக் காரணமும் முதலில் சொன்ன சிக்கல்தான். ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் நிற்கிற நேரம் யாரோ ஒருவர் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கிறவர் மனதில் நடத்துநர் என்றால் எந்த உருவம் இருக்கிறதோ, அதற்கே அது போய்ச் சேரும்.

அன்டோனியா பிரிக்கோ 1930ல் பெர்லின் ஃபில்ஹார்மானிக்கை நடத்தினார். நன்றாக நடத்தினார். வாழ்நாள் முழுவதும் நிலையான பெரிய பதவி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுக்கு ஒரு பெண் தலைமை ஏற்க 2007 ஆயிற்று: பால்டிமோரில் மாரின் ஆல்சப். மிலான் லா ஸ்காலாவில் ஒரு பெண் ஓபரா நடத்த 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடத்தியவர் சூசன்னா மால்கி, பானுலாவின் மாணவி.

அதே பானுலா 2014ல் ஃபின்லாந்துத் தொலைக்காட்சியில், பெண்கள் பெண்மையான இசையை நடத்தட்டும், ப்ரூக்னரின் சிம்ஃபனிகள் அவர்களுக்கு ஒத்துவராது என்று பேசினார். ஷூபர்ட்டைச் சரிசெய்த அந்த மாணவியை நினைத்துக்கொண்டேன், கோபம் வந்தது. பானுலா கற்பிக்கிற முறை எனக்கு இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. அந்தப் பேச்சை அதனால் மன்னிக்க முடியவில்லை. மால்கிக்கு அவர் வகுப்பில் ஆர்க்கெஸ்ட்ரா கிடைத்தது; வாயில் வந்த கொள்கையைவிட வகுப்பறைப் பழக்கம் நல்லதாக இருந்திருக்கிறது.

ஆல்சப் 2002ல் இளம் பெண் நடத்துநர்களுக்கென்று ஒரு உதவித்தொகைத் திட்டம் தொடங்கினார். அதில் முக்கியம் பணமில்லை, மேடை நேரமும் வழிகாட்டலும்.

6 ஏப்ரல்

மாகெலா பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

க்லாவுஸ் மாகெலா 1996ல் பிறந்தவர். சிறுவர் பாடகராக ஃபின்லாந்து தேசிய ஓபராவில் நின்று நடத்துநரைப் பார்த்து ஆசைப்பட்டார். பன்னிரண்டு வயதில் பானுலாவிடம் சேர்ந்தார். செலோ வாசிப்பவர். 2020ல் ஆஸ்லோ ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைமை, அடுத்த வருடம் பாரிஸ். 2027ல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கபாவ் ஆர்க்கெஸ்ட்ரா, சிகாகோ சிம்ஃபனி இரண்டுக்கும் ஒரே சமயத்தில் தலைமை.

திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் நின்றவருக்கு முப்பதுக்குள் அது வந்துவிடும். இதற்கு நானே காரணம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் மனம் பெட்ரென்கோ பக்கம்தான் போகிறது. உல்மிலோ மைனிங்கனிலோ ஒரு ப்ரூக்னர் சொதப்பினால் அந்த ஊர்ப் பத்திரிகை எழுதும், அடுத்த வாரம் வேறு கச்சேரி வரும். சிகாகோவில் சொதப்பினால் உலகமே கேட்கும். ஒரு சிம்ஃபனியை முதல்முறை நடத்துகிறவருக்குத் தப்பு செய்ய இடம் வேண்டும். அந்த இடம் அவருக்கு யார் கொடுப்பார்கள்?

இன்னொரு கவலை கேட்கிறவர்களுக்கானது. இரண்டு கண்டங்களில் இரண்டு ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு ஒருவர் தலைமை என்றால், ஒவ்வொன்றிலும் அவர் இருக்கிற வாரங்கள் குறையும். மீதி வாரங்களில் விருந்தாளிகள். லாஹ்தியில் வான்ஸ்கா உண்டாக்கியது போன்ற ஒலி வாராவாரம் அதே ஆள், அதே கலைஞர்கள் என்று உட்கார்ந்து வந்தது.

19 ஏப்ரல்

சென்னையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினைந்து வயது, பியானோவில் உயர்நிலைத் தேர்வுகள் முடித்துவிட்டாள், நடத்துநராக வேண்டும் என்கிறாள், என்ன செய்வது?

அம்மா, பியானோவை விட வேண்டாம். ஜெர்மன் கல்லூரிகளில் நடத்துநர் பிரிவு நுழைவுத் தேர்வில் பியானோ உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரை அங்கேயே பார்த்துப் பியானோவில் வாசிக்கச் சொல்வார்கள். கிளாரினெட்டுக்கும் ஹார்னுக்கும் எழுதியிருக்கிற சுரம் ஒன்று, கேட்கிற சுரம் வேறு. பார்த்தவுடன் மனதில் மாற்றி வாசிக்க வேண்டும். சின்ன ஸ்கோர்களில் தினமும் கொஞ்சம் இப்போதே பழகட்டும். செவிப்பயிற்சித் தேர்வும் கடினம்.

அதோடு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியம் எடுக்கட்டும். வியோலா நல்லது, எல்லா இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவிலும் ஆள் தேவை. சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது, மேற்கத்திய வாத்தியம் கற்க வழி உண்டு. வாத்தியத்தில் மேதையாக வேண்டாம், கடைசி வரிசையில் இடம் கிடைக்கிற அளவு போதும். நண்பர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்து வைத்து நடத்திப் பார்க்கட்டும். ஐந்து பேரை ஒன்றாகத் தொடங்க வைப்பதே பெரிய பாடம்.

ஜெர்மன் மொழி கட்டாயம். அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் பொதுவாக மிகக் குறைவு. ஆனால் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிற மாணவர்கள் ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, ஒரு வகுப்புக்கு ஓரிருவரைத்தான் எடுப்பார்கள். முதல்முறை கிடைக்காதவர்கள் மறுவருடம் வருவது இங்கே சகஜம்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர் பெயருக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் உண்மையான ஆர்க்கெஸ்ட்ராவோடு எவ்வளவு நேரம் கிடைக்கும்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரிக்கு எழுதுங்கள்.